ஆசார்ய துளசி பற்றி ஒரு சந்தேகம்

கேள்வி (மாங்குளம்): உயர்தர மாணவருக்கு ஆசார்ய துளசி பற்றிப் பேச்சு எழுதுறன். அவர் தலைவரா இருந்த தேராபந்தம் எண்ட சமண (ஜைன) சமயப் பிரிவின்ர துறவிகள் வாகனத்தில ஏறமாட்டினம். அப்பிடியெண்டா வெளிநாட்டுக்குப் போறவை ஆர்?

பதில்: அவை ‘சமண்’, ‘சமணி’ எண்ட வரிசையைச் சேர்ந்தவை அண்ணை; இங்க அது சமண சமயத்தார் எல்லாரையும் குறிக்கேல்லை. முழுத்துறவிக்கும் இல்லறத்தாருக்கும் இடைப்பட்ட அந்த வரிசையை 1980இல உண்டாக்கினவர் துளசிதான். அவைக்கு வாகனப் பயணம் அனுமதி. உதை விட்டிட்டா அவரின்ர பெரிய வேலையே விடுபட்டுப்போகும்.

பதில்: ஆண்டுகளைக் குழப்பாதேங்கோ. பிறப்பு 1914, லாட்னூன், ராஜஸ்தான். 1925இல துறவு. 1936இல ஒன்பதாவது ஆசார்யர், வயசு 22 கூட நிரம்பேல்லை. சிறு விரதங்களை எடுத்து ஒழுக்கமா வாழச் சொல்லுற அணுவிரத இயக்கத்தைத் தொடங்கினது 1949. எந்தச் சமயத்தவரும் ஏற்கலாம், மதம் மாறத் தேவையில்லை. 1994இல உயிரோட இருக்கேக்கயே ஆசார்யர் பதவியைத் தன்ர சீடர் மகாபிரக்ஞருக்குக் குடுத்தார். என்ர கணிப்பில அதுதான் அவரின்ர அரிய செயல். மறைவு 1997.

பதில்: துறவிகள் மழைக்காலத்தில ஓரிடத்தில தங்குற சாதுர்மாசத்தை எங்கட மாரியோட சேர்க்கவேண்டாம், பிள்ளையள் அதிலதான் பிழைவிடுறவை. வன்னியில மழை ஐப்பசி தொடக்கம். வட இந்தியாவில சாதுர்மாசம் ஆடியளவில தொடங்கி, அவையின்ர கணக்கில வாற கார்த்திகைப் பௌர்ணமியோட (நவம்பர் அளவில) முடியும். நடந்தா மழைக்காலச் சிற்றுயிர் மிதிபடும் எண்டுதான் நாலு மாதம் ஓரிடத்தில தங்குறவை.

பதில்: படம் போடுறதெண்டா வெள்ளை உடை, வாயில துணி. தேராபந்தம் வெள்ளை உடுக்கிற சுவேதாம்பரப் பிரிவு, சிலை வழிபாடு இல்லை. கோமடேஸ்வரர் படம் வேண்டாம், அது உடையில்லாத திகம்பரப் பிரிவின்ர சிலை.