வேலையில் இருந்தபடியே இணையவழி முனைவர் பட்டம்: மனத்தை உறுத்தும் ஓர் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வார்டு பொறுப்பாளர்:

டி.என்.பி. எனப்படும், செவிலியப் பணி நடைமுறை சார்ந்த முனைவர் படிப்பின் இறுதிக் கட்டத்தில் இருக்கிறேன். ஷிப்ட் மாறும்போது நோயாளியின் படுக்கையருகிலேயே நின்று பணியை ஒப்படைப்பது பற்றியது என் செயல்திட்டம். நான் பொறுப்பு வகிக்கும் வார்டிலேயே அதை நடத்தினேன். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நிர்வாகத்தின் கடிதமும் முறைப்படி கிடைத்திருந்தன. ஒப்புதல் படிவத்தை நீட்டியபோது, பணியில் சேர்ந்து அதிக நாள் ஆகாத ஒரு செவிலியர் முதல் பக்கத்தைக்கூடப் பார்க்காமல் நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையெழுத்திட்டார். “படித்துப் பாருங்கள், விருப்பமில்லை என்றால் விட்டுவிடலாம்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “அடுத்த மாத டியூட்டி பட்டியலையும் நீங்கள்தானே போடுவீர்கள், மேடம்” என்று சொல்லிவிட்டு, பேனாவை என்னிடம் கொடுத்து, மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

வேடிக்கைக்குச் சொன்னாரா, மனத்தில் இருந்ததைச் சொன்னாரா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. மறுப்பதால் பணியில் எந்தப் பாதிப்பும் வராது என்ற வரி அந்தப் படிவத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் அதைச் சொன்னால் நம்பலாம். பட்டியல் போடுகிறவரே சொன்னால் யார் நம்புவார்கள்? இப்படிப்பட்ட தருணத்தைச் சந்தித்தவர்கள் எழுதுங்கள்.

தலைமையாசிரியை:

கல்வித் துறை முனைவர் பட்டமான எட்.டி.யை முடித்துவிட்டேன்; உறுத்தல் முடியவில்லை. புதிய மதிப்பீட்டு முறையை ஆசிரியர்கள் ஏன் வகுப்பில் பின்பற்றுவதில்லை என்பதே என் ஆய்வுச் சிக்கல். எங்கள் ஆசிரியர்களையே நேர்காணல் செய்து, பெயர்களை நீக்கி, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து எழுதினேன். ஆய்வேடு பல்கலைக்கழகத்தின் மின்களஞ்சியத்தில் ஏறியது. அதை யார் தேடிப் படிக்கப்போகிறார்கள் என்றுதான் நாம் எல்லோரும் நினைப்போம். ஒரு மாலை, மூத்த ஆசிரியை ஒருவர் அச்சிட்ட ஒரு பக்கத்துடன் என் அறைக்கு வந்தார். “நீண்ட அனுபவமுள்ள, இந்தப் பாடத்துக்கான ஒரே ஆசிரியர்” என்ற வரியின் மீது விரலை வைத்தார். “பெயர் மட்டும்தான் இல்லை” என்றார். அதற்குக் கீழே, நிர்வாகத்தைப் பற்றி அவர் மனம் திறந்து சொன்ன மூன்று வரிகள் மேற்கோளாக இருந்தன.

அவர் கோபப்படவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஊழியர் கூட்டங்களில் அவர் வாய் திறப்பதே இல்லை. ஆயிரம் பள்ளிகளில் செய்யும் ஆய்வில் எண் கொடுத்தால் ஆள் மறைந்துவிடுவார். ஒரே பள்ளியில் செய்யும் ஆய்வில், உள்ளே இருப்பவர்கள் அனைவருக்கும் அந்த எண்ணே முகவரி.

முறையியல் ஆலோசகர்:

வார்டு பொறுப்பாளர் அவர்களுக்கு: உங்கள் நெறிமுறைக் குழு அனுமதித்தது என்பதாலேயே அந்த முறை சரியாகிவிடாது. மனிதர்களை உட்படுத்தும் ஆய்வுகளுக்கான நெறிமுறைகளை வகுத்து 1979இல் அமெரிக்காவில் வெளிவந்த பெல்மான்ட் அறிக்கை, அதிகாரத்தில் இருப்பவர் ஒருவரைப் பங்கேற்கத் தூண்டுவது தன்னார்வத்தைக் குலைக்கும் அழுத்தமாகலாம் என்று அப்போதே எச்சரித்திருக்கிறது. படிவத்தை நீங்கள் நீட்டியிருக்கவே கூடாது. பட்டியலோடும் ஆண்டு மதிப்பீட்டோடும் தொடர்பில்லாத ஒருவர் படிவத்தைக் கொடுத்து வாங்கியிருக்க வேண்டும். யார் கையெழுத்திட்டார்கள், யார் மறுத்தார்கள் என்பது தரவு சேகரிப்பு முடியும்வரை உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்க வேண்டும்.

அதற்கும் முன்பே ஒரு கேள்வி இருக்கிறது. உங்களுடையது ஆராய்ச்சியா, தர மேம்பாட்டுப் பணியா? டி.என்.பி. செயல்திட்டங்களில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. திட்டமிடு, செய், ஆராய், செயல்படு என்ற சுழற்சியில் ஒரு வார்டின் நடைமுறையைச் சீராக்குவதே நோக்கம் என்றால், பல குழுக்கள் அதை ஆராய்ச்சி அல்ல என்று எழுத்தில் தீர்மானித்துக் கொடுத்துவிடும். தனித்தனி ஒப்புதல் படிவத்துக்கே தேவை இருக்காது. எழுத்தில் வாங்குவது முக்கியம். நெறியாளர் காணொளியில் தலையசைத்ததை எவரும் பின்னர் நினைவில் வைத்திருப்பதில்லை. இன்னொன்று, இந்தப் படிப்புக்கு நூற்றுக்கணக்கான மணி நேரப் பயிற்சி காட்ட வேண்டியிருப்பதால், பலர் வழக்கமான வேலை நேரத்தையே அதில் எழுதிவிடலாம் என்று நினைக்கிறார்கள். சம்பளம் வாங்கும் வேலையையும் பட்டத்துக்கான பயிற்சியையும் பிரித்துக் காட்டும் பதிவேட்டை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். தரவைப் பணியிடக் கணினியில் சேமிக்காதீர்கள். அது நிறுவனத்தின் சொத்து, கேட்டால் கொடுத்தாக வேண்டியிருக்கும்.

என் அனுபவம் சிறியது. ஒரு மாணவரின் வாய்மொழித் தேர்வில், “உங்கள் முடிவுகளை உங்கள் மேலதிகாரி ஏற்காவிட்டால் என்ன எழுதியிருப்பீர்கள்?” என்று கேட்டேன். திரையில் அவர் முகம் உறைந்தது. இணைப்பு போய்விட்டது என்று நினைத்தேன், போகவில்லை.

மேலாளர், டி.பி.ஏ. மூன்றாம் ஆண்டு:

முறையியல் ஆலோசகர் கடைசியாகச் சொன்னதுதான் என் கதை. டி.பி.ஏ. என்ற வணிக நிர்வாக முனைவர் படிப்புக்கான கட்டணத்தில் பாதியை நிறுவனம் செலுத்தியது. பணியாளர்கள் ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பது தலைப்பு. இடைக்கால அறிக்கையை அளித்த கூட்டத்தில், ஒரு மேற்கோளின் அடியில் சிவப்புக் கோடு போட்டிருந்த தாளை இயக்குநர் மேசையின் மேல் என் பக்கமாகத் தள்ளி, “இதைச் சொன்னது யார்?” என்று கேட்டார். சொல்ல இயலாது என்றேன். “படிப்புக்குப் பணம் கொடுப்பது யார்?” என்றார். அறையில் இருந்த மற்ற இருவரும் தங்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பெயரைச் சொல்லவில்லை. அடுத்த பருவத்துக்கான கட்டணம் வரவில்லை. சொந்தப் பணத்தில் படிக்கிறேன்.

நேரில் படிக்கும் மாணவனாக இருந்தால் அன்றே நெறியாளரின் அறைக் கதவைத் தட்டியிருப்பேன். அவர் இருப்பது வேறு நேர மண்டலத்தில். மின்னஞ்சலுக்கு விடை வந்தபோது வாரம் முடிந்திருந்தது. “பங்கேற்பாளரின் நலனே முதன்மையானது” என்ற ஒரே வரியை அவர் எழுதியிருந்தார். அது எனக்கும் தெரிந்ததுதான்.

ஓய்வுபெற்ற தேர்வாளர்:

முறையியல் ஆலோசகரின் அறிவுரை அனைத்தும் சரி; ஆனால் வார்டு பொறுப்பாளர் கேட்டது அதுவல்ல. படிவத்தை வேறொருவர் நீட்டியிருந்தாலும் அந்தச் செவிலியருக்கு இது யாருடைய பட்டத்துக்கான வேலை என்று தெரியாமலா போயிருக்கும்? செயல்முறையை மாற்றி அதிகாரத்தை மறைக்கலாம், நீக்க இயலாது. இந்தப் பட்டங்களின் அமைப்பிலேயே உள்ள முரண் இது. எட்.டி. படிப்பைச் சீரமைக்க அமெரிக்காவில் 2007இல் தொடங்கிய கார்னெகி முன்னெடுப்பு, எட்.டி. ஆய்வேடு மாணவரின் சொந்த நடைமுறைச் சிக்கலிலிருந்தே பிறக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அமெரிக்கச் செவிலியக் கல்லூரிகளின் கூட்டமைப்பு 2004இல், மேல்நிலைச் செவிலியப் பணிக்கு முனைவர் பட்டமே நுழைவாயிலாக வேண்டும் என்று நிலைப்பாடு எடுத்து, அதற்கு 2015ஐ இலக்காக வைத்தது. பணியில் இருப்பவரையே ஆய்வாளராக்கும் இத்தகைய படிப்புகள் பெருகியபின், அவர் யாரைக் கேள்வி கேட்பார்? தன்னிடம் வேலை பார்ப்பவர்களைத்தான்.

இதை முறைகேடாகப் பார்க்கும் பிஎச்.டி. பட்டக்காரர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தொலைவில் நின்று ஆராய்பவருக்கு அந்தச் செவிலியர் சிரித்துக்கொண்டே சொன்ன வரி கிடைத்திருக்காது. நான் தேர்வாளராக இருந்தபோது, வரம்புகள் என்ற தலைப்பின் கீழ் “ஆய்வாளர் அதே நிறுவனத்தில் பணிபுரிகிறார்” என்று ஒற்றை வாக்கியத்தோடு நிறுத்திய ஆய்வேடுகளைப் படித்துச் சலித்திருக்கிறேன். ஒருவர் மட்டும், தன்னிடம் பேச மறுத்தவர்கள் எந்தெந்தப் பிரிவுகளைச் சேர்ந்தவர்கள் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தார். அந்த ஆய்வேட்டில் ஆராய்ச்சி என்று சொல்லத்தக்கது அந்தப் பக்கம்தான்.

வார்டு பொறுப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. முறையியல் ஆலோசகர் அவர்களே, எங்கள் குழு இதை ஆராய்ச்சி என்றே வகைப்படுத்தியது. படிவத்தை யார் வழங்குவது என்று அவர்கள் கேட்கவே இல்லை. தேர்வாளர் ஐயா சொன்ன வழி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தச் செவிலியரின் வாசகத்தை ஆய்வேட்டில் எழுதினால், எங்கள் வார்டில் அதைப் படிக்கும் எவரும் அவர் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். தலைமையாசிரியை மேடம், நீங்கள் இப்போது எழுதுவதாக இருந்தால் எப்படி எழுதுவீர்கள்?

தலைமையாசிரியை:

முதலில் அவரிடமே எழுதிய பத்தியைக் காட்டிக் கேட்பேன், மேடம். வேண்டாம் என்றால் எடுத்துவிடுவேன். அவர் சம்மதித்தாலும், அனுபவம், பதவி, ஷிப்ட் என அடையாளம் காட்டும் எதையும் அந்த மேற்கோளின் அருகில் வைக்கமாட்டேன். களஞ்சியத்தில் ஏற்றும்போது வெளியீட்டைச் சில காலம் நிறுத்திவைக்கும் வசதி உண்டா என்று பல்கலைக்கழகத்தில் கேளுங்கள். பல இடங்களில் உண்டு. ஆனால் அவரிடம் கேட்கும்போது நீங்கள் இன்னமும் பட்டியல் போடுகிறவராகத்தான் இருப்பீர்கள். அதற்கு என்னிடம் வழி இல்லை.