பழைய மிடி கோப்பு: நாதஸ்வர கமகம் சுருங்குகிறது

கேள்வி (தர்மபுரி): மெல்லிசைக் குழுவுக்காக 1998-ல் செய்த மிடி கோப்புகளை (வாசிப்பின் குறிப்புகள் மட்டும் உள்ள கணினிக் கோப்புகள்) ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளில் திறந்தால், வாத்தியத்துக்கு ஒன்றாக வைத்த எல்லா சேனலும் ஒரே டிராக்கில் வருகின்றன. எல்லாமே பியானோவாக ஒலிக்கிறது. நாதஸ்வரத்துக்கு 112-ஆம் எண் ஷெனாய் வைத்திருந்தோம். அதன் கமகமும் சுருங்கிவிட்டது. வழி சொல்லுங்கள்.

பதில் (கிருஷ்ணகிரி): எல்லா சேனலையும் ஒரே டிராக்கில் வைக்கும் வகை 0 கோப்பு அது. ரீப்பருக்குள் கொண்டுவரும்போதே சேனல்வாரியாகப் பிரியுங்கள். மிடியில் ஒலி கிடையாது, வாத்திய எண்தான் உண்டு. அதனால் ஜிஎம் (ஜெனரல் மிடி என்ற பொது வாத்திய எண் வரிசை) சவுண்ட்ஃபான்ட், அதாவது அந்த எண்களுக்கான ஒலித்தொகுப்பு, ஏற்றுங்கள். 10-ஆம் சேனல் தாளத்துக்கு.

பதில் (ஓசூர்): கமகம் சுருங்கக் காரணம் பிட்ச் பெண்ட் எல்லை, அதாவது ஸ்வரத்தை எவ்வளவு தூரம் வளைக்கலாம் என்ற அளவு. கீபோர்டில் 12 அரைஸ்வரம் வைத்திருப்பீர்கள். ரீப்பரில் ஒலி தரும் துணை மென்பொருளான பிளக்இன்களில் பெரும்பாலும் 2தான். முதல் ஸ்வரத்துக்கு முன், எல்லையை 12 ஆக்கும் சிசி (மிடி கட்டுப்பாட்டுச் செய்தி) 101=0, 100=0, 6=12 என்ற வரிசை இருக்கிறதா பாருங்கள். சில பிளக்இன்கள் அதைப் படிக்காது. அப்போது பிளக்இன்னிலேயே 12 போடுங்கள். பெண்ட் கோடுகளைக் கையால் திருத்தவே வேண்டாம் ஐயா, வாசித்தவரின் பிடி போய்விடும்.