திருச்சூர் நாடக விழாவுக்கு மாணவர்களுடன் போகிறோம், வழிகாட்டுங்கள்

நண்பர்களே, வணக்கம். கோவை அருகே ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கிறேன். கேரள சங்கீத நாடக அகாதெமி 2008 முதல் திருச்சூரில் நடத்திவரும் பன்னாட்டு நாடக விழாவுக்கு, எங்கள் நாடக மன்றத்தின் ஒன்பது, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 22 பேரை இம்முறை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டார். பாலக்காடு வழியாக ரயிலில் போவதில் சிக்கலில்லை.

என் கவலை நாடகங்களைப் பற்றியது. இந்தப் பிள்ளைகள் பள்ளி ஆண்டு விழா மேடையையும் ஊர்த் திருவிழாக் கூத்தையும் தவிர வேறு அரங்கைப் பார்த்ததில்லை. மொழி புரியாத ஒரு நாடகத்தின் முன் ஒன்றரை மணி நேரம் உட்கார அவர்களை எப்படித் தயார்படுத்துவது? கதைச்சுருக்கத்தை முன்பே சொல்லிவிடலாமா, அல்லது உடலையும் ஒளியையும் தாங்களாகவே கவனிக்கட்டும் என்று விட்டுவிடலாமா? நான் இரண்டாவதையே விரும்புகிறேன். ஆனால் முதல் நாளே சலிப்புத் தட்டிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

முன்பு போய்வந்தவர்கள் சொல்லுங்கள்: வயதுக்கு ஏற்ற நாடகங்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? ஒரு நாளைக்கு இரண்டு நாடகங்களுக்கு மேல் தாங்குமா? குழுவாக டிக்கெட் எடுக்க யாரை அணுக வேண்டும்? மாணவிகள் 13 பேர் வருவதால், அகாதெமி வளாகத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் பாதுகாப்பான தங்குமிடம் தெரிந்தால் அவசியம் எழுதுங்கள். பெற்றோர் கூட்டம் அடுத்த வெள்ளிக்கிழமை. அதற்குள் பதில் கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.