சுருட்டை முடியில் ட்ரெட்லாக்ஸ்: வேரில் அவிழ்கிறது, மழையில் நாறுகிறது. உதவி தேவை

மாயவரம்_சுருட்டை:
என்னுடையது மெல்லிசான சுருட்டை முடி, கையில் பிடித்தால் வழுக்கும். ஆடியில் ஒரு சலூனில் ட்ரெட்லாக்ஸ், அதாவது சாமியார் சடை மாதிரி திரிதிரியான சடை, போட்டுவிட்டார்கள். நுனியிலிருந்து வேர்ப்பக்கமாகச் சீப்பைத் தள்ளிச் சிக்காக்கி, டப்பாவிலிருந்து மெழுகை அள்ளிப் பூசி உருட்டி, ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழும் ரப்பர் பேண்டு. ஒரு மாதத்துக்குத் தலையில் தண்ணீரே படக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். இப்போது வேர்ப்பக்கம் அவிழ்ந்து பழைய சுருட்டையாகவே நிற்கிறது, நடுவில் வளையம் வளையமாகப் பிதுங்குகிறது, ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து ஈர நாற்றம் வேறு. அம்மா தேங்காய் எண்ணெய் வைக்காமல் விடுவதில்லை. அப்பாயி, வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டால் தீர்ந்தது என்கிறார். மொட்டை தவிர வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

குடந்தை_சடையன்:
மொட்டையெல்லாம் வேண்டாம் தம்பி. வேரில் அவிழ்வது கோளாறே இல்லை, முடி மாதம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வளர்கிறது, நீ பார்ப்பது பாதிக்கு மேல் புது முடி. வளையம் பிதுங்குவதும் நல்லதுக்குத்தான், உள்ளே முடி சுருங்கிப் பின்னிக்கொள்கிறது என்று அர்த்தம். சுருட்டை முடி முழுசாக இறுக ஒரு வருஷம் ஆகும், சிலருக்கு இரண்டு. அதுவரை தலை கலைந்துதான் இருக்கும், வீட்டில் நாலு பேர் பேசத்தான் செய்வார்கள்.

உன் பிரச்சினை மெழுகும் எண்ணெயும்தான். முடி முடியோடு உரசினால்தான் முடிச்சு விழும், எண்ணெய் வைத்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். தேன்மெழுகு தண்ணீரில் கரையாது, அறுபது டிகிரிக்கு மேல்தான் உருகும், அதனால் ஷாம்பு எத்தனை போட்டாலும் அசையாது. உள்ளேயே உட்கார்ந்து தூசியையும் ஈரத்தையும் பிடித்துவைக்கும், நாற்றம் பெரும்பாலும் அங்கிருந்துதான். பழைய வேட்டித் துணியைக் கிழித்து ஒரு சடையைச் சுற்றிக்கொள், மேலே ஹேர் டிரையர் சூட்டைக் காட்டி அழுத்தித் துடை, துணியில் மஞ்சளாகக் கறை இறங்கும். கறை வருவது நிற்கும்வரை துணியை மாற்றி மாற்றிச் செய். தலைத்தோல் பக்கம் சூடு போகக் கூடாது. ஒரே நாளில் முடியாது, ஞாயிறுதோறும் நாலைந்து சடை என்று வைத்துக்கொள். வேர்ப்பக்க ரப்பர் பேண்டை இன்றைக்கே வெட்டி எடு, மெல்லிசு முடியை அது அந்த இடத்திலேயே அறுத்துவிடும்.

தண்ணீர் படக் கூடாது என்றதை மறந்துவிடு. வாரம் ஒரு தடவை தலை குளி, பிசுக்குப் போன முடிதான் சீக்கிரம் பின்னும். கண்டிஷனர் கலக்காத ஷாம்பு போதும், இல்லாவிட்டால் சீயக்காய்.

நாகை_உப்புக்காற்று:
சீயக்காய்த் தூள் மட்டும் வேண்டவே வேண்டாம்! சடைக்குள் போன தூளை அலசி வெளியே எடுக்க முடியாது, காய்ந்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டே இருக்கும், பார்க்கிறவர்கள் பொடுகு என்பார்கள். சீயக்காயோ பூந்திக்கொட்டையோ, கொதிக்கவைத்துத் துணியில் வடிகட்டி அந்தத் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். எங்கள் பக்கம் போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும், அதில் கட்டி சோப்புப் போட்டால் வெள்ளையாகப் பிசுக்குப் படிந்துவிடும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்துக் கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும்.

உங்களைப் போல வழுக்கும் முடிக்கு உப்புத் தண்ணீர் கைகொடுக்கும். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து ஆறவைத்து, வாரத்தில் ஓரிரு முறை தெளித்தால் போதும். தினமும் தெளித்தால் முடி மொரமொரவென்று ஒடியும்.

அப்புறம் ஈரம். கார்த்திகை முடியும்வரை இங்கே துணியே காய்வதில்லை, சடை எப்படிக் காயும்? காலையில் குளியுங்கள், பனியன் துணியால் ஒவ்வொன்றையும் பிழிந்துவிட்டு மின்விசிறிக்கு நேரே உட்காருங்கள். ஈரத்தோடு படுத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், பிடித்தால் அந்தச் சடையை வெட்டுவதுதான் மிச்சம்.

மாயவரம்_சுருட்டை:
நன்றி அக்கா, அண்ணா. பேண்டுகளை எடுத்துவிட்டேன், இரண்டு இடத்தில் முடி அறுந்துதான் இருந்தது. சாம்பிராணி போட்டுக் காயவைக்கலாமா? வேரை இறுக்க எதை வாங்குவது?

குடந்தை_சடையன்:
புகை வாசம் சடைக்குள் ஏறினால் இறங்காது, வேண்டாம். வேருக்கு 0.5 அல்லது 0.75 மி.மீ. குரோஷா ஊசி, தையல் சாமான் விற்கும் பேன்சி ஸ்டோரில் கேள். சடை வேருக்குக் கீழே ஊசியைக் குத்தி, வெளியே நிற்கும் முடியைக் கொக்கியில் மாட்டி மெதுவாக உள்ளே இழு. நறுக்கென்று சத்தம் கேட்டால் முடி அறுகிறது, கையை எடு. மாதத்துக்கு ஒரு தடவை போதும். கை சும்மா இருக்கமாட்டாமல் தினமும் வேரை முறுக்கினால் முன்நெற்றியில் வழுக்கை விழும். தோல் வலித்தாலோ சின்னச் சின்னப் பரு கிளம்பினாலோ இழுப்பு அதிகம், விட்டுவிடு. தோலில் புண் ஆனால் தோல் டாக்டரிடம் காட்டு.

நாகை_உப்புக்காற்று:
அம்மாவின் எண்ணெய்க்கு ஒரு வழி: விரல் நுனியில் இரண்டு சொட்டு, வகிட்டுத் தோலில் மட்டும், குளிப்பதற்கு முந்தைய இரவு. அதற்கே சம்மதிக்கமாட்டார், முயற்சி செய்து பாருங்கள்.