ஊதா, மஞ்சள், சிவப்பு, வெள்ளை: வண்ண கேரட் வளர்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மண்வெட்டி:

வண்ண கேரட் என்றாலே எல்லோரும் ஊதாவைத்தான் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இந்த முறை காஸ்மிக் பர்ப்பிள், எல்லோஸ்டோன், அடாமிக் ரெட், ஒயிட் சாட்டின் நான்கையும் ஒரே பாத்தியில் தனித்தனி வரிசையாக விதைத்தேன். எல்லாம் பிடுங்கி முடித்த பிறகு என் தீர்ப்பு இதுதான்: வீட்டுத் தோட்டத்துக்கு மஞ்சள்தான் ராஜா. ஊதாவுக்குப் பேர் அதிகம், வம்பும் அதிகம்.

முதலில் ஊதாவைச் சொல்லிவிடுகிறேன். காஸ்மிக் பர்ப்பிளை மண்ணிலிருந்து எடுத்துக் கழுவும்போது அழகு அள்ளும். குறுக்கே வெட்டினால் கதை வேறு. வெளியே மெல்லிய ஊதா வளையம், அதற்குள் ஆரஞ்சு, நடுத்தண்டு மஞ்சளோடிய ஆரஞ்சு. தோல் சீவினால் ஊதாவில் முக்கால்வாசி சீவலோடு போய்விடும். அதனால் நான் சீவுவதே இல்லை, பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவுவதோடு சரி. 2006-இல் ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் என்ற புது ரகங்களுக்கான விருது வாங்கிய பர்ப்பிள் ஹேஸ் ரகமும் உள்ளே ஆரஞ்சுதான். நடுவரை ஊதாவாக வேண்டும் என்றால் டீப் பர்ப்பிள், பிளாக் நெபுலா போன்றவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

நிறம் எப்போது ஏறுகிறது என்பதும் முக்கியம். இளசாகப் பிடுங்கினால் எல்லாமே வெளிறித்தான் இருக்கும். கிழங்கு பருக்கும் நாட்களில் 15 முதல் 21 டிகிரி வரை குளிர்ச்சி கிடைத்தால் நிறம் நன்றாக ஏறும். சூடு கூடிவிட்டால் நிறமும் மங்கும், இனிப்பும் குறையும், சதை நார் பாயும். என் பாத்தியில் வெயில் அதிகம் விழும் ஓரத்தில் அடாமிக் ரெட் சிவப்பே ஆகவில்லை, வெளிறிய ரோஜா நிறத்தோடு நின்றுவிட்டது. நிழல் பக்கம் இருந்தது நல்ல சிவப்பு. அதே விதை, அதே உரம், அதே தண்ணீர்.

எல்லோஸ்டோன் எந்த வம்பும் செய்யவில்லை. முளைப்பு சீராக வந்தது, கிழங்கு நேராக இறங்கியது, வெயில் ஓரத்திலும் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. வெள்ளைக்குக் காரம், மணம் எல்லாமே மட்டு. அதன் தோள் மண்ணுக்கு வெளியே தலைகாட்டியதும் பச்சையாகிவிடுகிறது, அந்தப் பகுதி கசக்கும். வாரம் ஒரு தடவையாவது மண் அணைக்க வேண்டும். ஊதாவில் அந்தப் பச்சை கண்ணுக்குத் தெரிவதே இல்லை, கடித்தால்தான் தெரியும்.

உங்களுக்கு எப்படி வந்தது? குறிப்பாக, கலவைப் பாக்கெட் போட்டவர்கள் சொல்லுங்கள்.

ஈரக்கை:

அண்ணா, கலவைப் பாக்கெட் ஆள் நான்தான். முதலில் போட்டபோது அட்டையில் ஐந்து நிறம், அறுவடையில் மஞ்சளும் வெள்ளையும்தான் அதிகம். பாக்கெட்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று வீட்டில் ஒரே பேச்சு. அடுத்த விதைப்பில் நாற்றுகளை உட்கார்ந்து கவனித்தபோதுதான் விஷயம் புரிந்தது. எல்லா ரகமும் ஒரே வேகத்தில் எழும்புவதில்லை. பயிர் கலைக்கும்போது, அதாவது நெருக்கமான நாற்றுகளைக் குறைக்கும்போது, இயல்பாகவே கை பெரிய நாற்றை விட்டுவிட்டுச் சின்னதைப் பிடுங்குகிறது. அந்தச் சின்னதில்தான் ஊதாவும் சிவப்பும் இருக்கின்றன!

இப்போது கலைப்பதை இரண்டு தடவையாகச் செய்கிறேன். முதல் தடவை ஒட்டிக்கொண்டு நிற்பவற்றை மட்டும் எடுப்பேன், குட்டையோ நெட்டையோ பார்ப்பதில்லை. இலைகள் மூன்று நான்கு வந்த பிறகு இரண்டாவது தடவை. அப்போது குனிந்து இலைக்காம்பு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். பல ஊதா ரகங்களில் அங்கே கத்தரிக்காய்க் காம்பு போல ஊதா ஓடியிருக்கும். சிலவற்றில் காம்பு பச்சையாகவே இருக்கும், அதனால் இதை முழுக்க நம்பவும் முடியாது. ஆனால் ஊதாக் காம்பு கண்ணில் பட்டால் அது எவ்வளவு நோஞ்சானாக இருந்தாலும் விட்டுவைப்பேன். இடைவெளி ஐந்து சென்டிமீட்டர். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசைகிறது, அதனால் கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் வெட்டிவிடுவேன்.

இன்னும் நல்லது, அண்ணா செய்தது போல தனித்தனி பாக்கெட் வாங்கி வரிசையாகப் போடுவது. மிச்ச விதையை ரொம்ப நாள் வைக்க வேண்டாம். மூன்று வருடம் போனால் முளைப்பு நன்றாகவே குறைந்துவிடும்.

தொட்டிவாசி:

எனக்குத் தரையே கிடையாது, எல்லாம் தொட்டிதான். 30 சென்டிமீட்டர் ஆழம் இருந்தால் நீள ரகமும் வரும், அதற்குக் குறைந்தால் குட்டை ரகம்தான். மணல் கலந்த பொலபொல மண், நன்றாக மட்கிய எரு. பச்சை எரு போட்டால் வேர் கவட்டை விழும், தழைச்சத்து கூடினால் மேலே காடு, கீழே கம்பிதான்.

ஒரு தடவை வெளியே வாங்கிய மண்கலவையை அப்படியே போட்டேன். செடி மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிடுங்கினால் வேர் முழுக்கக் கொத்துக் கொத்தாகச் சின்ன முடிச்சுகள், கிழங்கு இரண்டு மூன்றாகப் பிரிந்து கிடந்தது. வேர்முடிச்சு நூற்புழு, மண்ணில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத புழு. ஊதாத் தோலில் அந்த முடிச்சுகள் இன்னும் அசிங்கமாகத் தெரியும். அந்த மண்ணை ஈரமாக்கி, கண்ணாடித்தாள் போட்டு மூடி, கடும் வெயிலில் பல வாரம் விட்டேன். அதற்குப் பிறகு முடிச்சு வெகுவாகக் குறைந்தது. கேரட்டில் பாதிப் பிரச்சினை பிடுங்கும் வரை தெரியாது என்பதால், நடுவில் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்துவிடுவது எப்போதும் நல்லது.

கத்தரிப்பூ:

மண்வெட்டி அண்ணா ஊதாவை ரொம்பத்தான் திட்டிவிட்டார். அதன் வக்கீலாக நான் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன் 🙂

ஊதாவின் நிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின், அது தண்ணீரில் கரையும். ஆரஞ்சில் பீட்டா கரோட்டின், சிவப்பில் லைக்கோபீன், மஞ்சளில் லூட்டின். இந்த மூன்றும் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால்தான் ஊதாவை வேகவைத்தால் தண்ணீர் எல்லாம் மசிநிறமாகி, கூட இருக்கும் காயும் சாயம் ஏறி, கேரட் மட்டும் பழுப்பாக நிற்கிறது. பச்சையாகத் தின்னுங்கள், இல்லை அடுப்பில் சுடுங்கள். தண்ணீரில் போடாதீர்கள். சிவப்பு இதற்கு நேரெதிர், வெந்தால் நிறம் இன்னும் தூக்கலாகிவிடும்.

டீப் பர்ப்பிள் நறுக்கினால் வெட்டுப்பலகை, விரல், நகக்கண் எல்லாம் ஊதா. அந்தச் சாற்றை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, ஒன்றில் எலுமிச்சைச் சாறு சொட்டு விட்டால் சட்டென்று சிவக்கும். இன்னொன்றில் சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் நீலம் பாயும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேரட் தின்ன ஆரம்பித்ததே இந்த விளையாட்டுக்குப் பிறகுதான். மஞ்சளை வைத்து இதைச் செய்யுங்கள் பார்ப்போம்!

ஒரு குறை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். கீழைநாட்டு வகை ஊதா, கறுப்பு ரகங்கள் சீக்கிரம் பூத்தண்டு விடும். தண்டு கிளம்பிவிட்டால் நடுத்தண்டு கட்டையாகிவிடும், அப்புறம் கிழங்கு எதற்கும் ஆகாது. நடுவிலிருந்து ஒரு குருத்து மட்டும் தடித்து மேலே எழுவதைப் பார்த்தால் காத்திருக்காமல் அன்றைக்கே பிடுங்கிவிடுங்கள்.

பழையவிதை:

கத்தரிப்பூ சொன்ன கீழைநாட்டு வகைதான் மூத்தது. சுமார் ஆயிரம் வருடம் முன்பு மத்திய ஆசியாவில், இன்றைய ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கம், தோட்டப்பயிராக இருந்தவை ஊதாவும் மஞ்சளும்தான். ஆரஞ்சு பல நூற்றாண்டு கழித்து ஐரோப்பாவில் வந்து சேர்ந்தது. டச்சு அரச குடும்பத்தைக் கௌரவிக்கத்தான் ஆரஞ்சை உருவாக்கினார்கள் என்று அடிக்கடி ஒரு கதை சுற்றும், அதற்கு ஆதாரம் கிடையாது. அப்படிப் பார்த்தால் நாம் வளர்ப்பதை வினோத நிறம் என்று சொல்வதே தப்பு, ஆரஞ்சுதான் புதுசு.

நான் சொல்ல வந்தது விதை எடுப்பதைப் பற்றி. பர்ப்பிள் ஹேஸ், டீப் பர்ப்பிள், எல்லாம் வீரிய ஒட்டு விதை. அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால் தாயைப் போலப் பிள்ளை வராது. நாட்டு ரகமாக இருந்தாலும் பூச்சிகள் பூவுக்குப் பூ மாறி மகரந்தம் கொண்டுபோகும். நான்கு நிறத்தை அடுத்தடுத்துப் பூக்க விட்டுவிட்டு நிறம் மாறாத விதையை எதிர்பார்க்க முடியாது. பக்கத்தில் காட்டுக் கேரட் பூத்தால் இன்னும் மோசம். ஆரஞ்சு நிறத்துக்குத் தேவையான மரபணுக்கள் ஒடுங்கு பண்புள்ளவை, அதாவது தாய், தந்தை இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். 2023-இல் நேச்சர் பிளான்ட்ஸ் இதழில் வந்த ஆய்வு அப்படி மூன்று மரபணுக்களைக் காட்டியது. அதனால் காட்டுச் செடியின் மகரந்தம் கலந்தாலே அடுத்த தலைமுறையில் வெள்ளையாக, விறகு மாதிரிக் கிழங்குகள் எட்டிப்பார்க்கும்.

அதனால் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு நிறத்தை மட்டும் பூக்க விடுகிறேன், மற்றதையெல்லாம் தண்டு விடும் முன் பிடுங்கிவிடுவேன். குளிர்ப்பிரதேச ரகங்கள் நல்ல குளிரைக் கண்ட பிறகு, பெரும்பாலும் இரண்டாம் வருடம்தான் பூக்கும், அதுவரை பாத்தியில் இடம் அடைபட்டுக் கிடக்கும். விதைக்கு விடும் கிழங்கின் அடிநுனியை மெல்லியதாகச் சீவி உள்நிறம் பார்த்து, நிறம் அழுத்தமாக இருப்பதை மட்டும் திரும்ப நட்டுவிடுவேன். வெட்டுவாயில் சாம்பல் தடவுவது வழக்கம். நிழலில் இரண்டு மணி நேரம் ஆறவிட்டு நட்டால் அழுகல் குறைவு.

மண்வெட்டி:

அடிநுனியைச் சீவிப் பார்ப்பது இதுவரை தோன்றவே இல்லை, நன்றி அண்ணா. பாத்தியில் கடைசியாக நான்கைந்து காஸ்மிக் பர்ப்பிள் மிச்சம் இருக்கிறது, நாளைக்குச் சீவிப் பார்த்துவிடுகிறேன். ஈரக்கை, ஊதாக் காம்பை நான் கவனித்ததே இல்லை, உங்கள் கலவைப் பாத்தியின் படம் இருந்தால் போடுங்கள். கத்தரிப்பூ, உங்கள் வாதம் ஏற்கப்பட்டது, தீர்ப்பில் மாற்றம் இல்லை.