ஹிமேஜியிலிருந்து வெள்ளி வண்டிப்பாதை: இகுனோ, மிகோபாதா, அகெனோபே ஒரே நாளில் ஆகுமா?

அல்சூர் ஏரிக்கரை:
ஏப்ரல் கடைசியில் ஒசாகா போகிறோம். ஹிமேஜிக்கு 2 நாள். ஒரு நாளைக் கோட்டைக்குக் கொடுத்துவிட்டு, மறுநாள் இகுனோ, மிகோபாதா, அகெனோபே என்ற பழைய சுரங்க ஊர்களையும் வெள்ளி வண்டிப்பாதையையும் பார்க்க ஆசை. கூட வரும் அப்பாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர் என்பதால் கண்ணாடிப் பெட்டி மியூசியம் மட்டும் போதாது. ரயிலா, காரா? பெங்களூரில் இருந்தே செய்துவைக்க வேண்டியது என்ன?

ராபர்ட்சன்பேட்டை:
முதலில் ஒன்று. பலர் இதை இவாமியோடு குழப்பிக்கொள்கிறார்கள். 2007இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இவாமி வெள்ளிச் சுரங்கம் இருப்பது ஷிமானே மாகாணத்தில். நீங்கள் கேட்பது ஹியோகோ மாகாணம். புக்கிங் செய்யும்போது ஊர்ப் பெயரைச் சரிபாருங்கள்.

வண்டிப்பாதை என்பது இகுனோ வெள்ளிச் சுரங்கத்திலிருந்து ஹிமேஜியின் ஷிகாமா துறைமுகம் வரை 49 கி.மீ. 1873இல் தொடங்கி 1876இல் முடித்தார்கள். பிரெஞ்சு இன்ஜினீயர்கள் போட்ட மெக்காடம் ரோடு: அடியில் பெருங்கல், மேலே சிறுகல், அதற்கும் மேல் சரளை. வயலை விட உயரமாகப் போட்டதால் மழையில் சக்கரம் புதையாது. 1895இல் ரயில் இகுனோவுக்கு வந்ததும் இதன் மவுசு போயிற்று. இன்று பெரும்பகுதி புதிய சாலைக்கு அடியில்தான் கிடக்கிறது, காமிகாவா ஊரில் ஒரு சிறு துண்டு மிச்சம். அதனால் "பாதையை" நடந்து பார்க்கலாம் என்று போகாதீர்கள், ஏமாந்து திரும்புவீர்கள். பார்க்க வேண்டியது அதன் முனைகளைத்தான்.

அப்பாவுக்கு இகுனோ போதும் என்பேன். உள்ளே சுமார் 1 கி.மீ. நடை, 40 நிமிடம், பெரும்பாலும் சமதளம். வருஷம் முழுக்க 13 டிகிரி, சுவரில் ஈரம். ஸ்வெட்டரும் பிடிப்புள்ள ஷூவும் வேண்டும். வெளியே மலைச்சரிவில் எடோ காலக் (1868க்கு முந்தைய) குழிகளைச் சுற்றிவரும் பாதை படிக்கட்டு, அவரை அதில் ஏற்ற வேண்டாம்.

உள்ளே ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். உளியால் கொத்திய பழைய குழி ஒரு ஆள் படுத்துத் தவழும் அகலம்தான். அதே பாறையில், 1868இல் இகுனோவுக்கு வந்த பிரெஞ்சு இன்ஜினீயர் க்வான்யே காலத்தில் வெடிமருந்து வைத்து உடைத்த சுரங்கம் நிமிர்ந்து நடக்கிற உயரம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை தங்கவயல்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சுரங்கத்தை 1896இல் மிட்சுபிஷி வாங்கியது, 1973இல் மூடியாயிற்று. ஆழம் சுமார் 880 மீட்டர். நம் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் அதிக ஆழம், அப்பா சிரிப்பார். நடுநடுவே நிற்கும் பொம்மைத் தொழிலாளிகளுக்கு பாப் பாட்டுக்குழு மாதிரி பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த விளையாட்டு எனக்குப் பிடிக்கவில்லை.

டீசல் ஷெட்:
ரயில் என்றால் ஹிமேஜியில் பான்தான் லைன். தெராமாயே வரை மின்சார வண்டி, அங்கே இறங்கி டீசல் வண்டி மாற வேண்டும். இணைப்பு வண்டி தவறினால் ஒரு மணி நேரம்கூட உட்கார நேரிடும். ஹமாகாசே எக்ஸ்பிரஸ் மாறாமல் இகுனோ போகும், ஆனால் நாளுக்கு சில வண்டிதான். திரும்பும் வண்டியை முதலில் குறித்துவிட்டு மீதியைத் திட்டமிடுங்கள். தெராமாயே தாண்டி ஐசி கார்டை (தொட்டுப் போகும் பயண அட்டை) நம்பாமல் ஹிமேஜியிலேயே காகித டிக்கெட் எடுங்கள்.

இகுனோ ஸ்டேஷனிலிருந்து பஸ் 10 நிமிடத்துக்குள், இறங்கி இன்னொரு 10 நிமிடம் நடை. முழங்காலுக்கு டாக்சி மேல். மிகோபாதா, அகெனோபே இரண்டையும் ரயில், பஸ்ஸை நம்பி ஒரே நாளில் சேர்க்க முடியாது. மூன்றும் வேண்டுமென்றால் காரேதான்.

ஜெயநகர் நாலாவது பிளாக்:
காருக்கு: இந்தியாவின் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி வருவது, ஜப்பானில் செல்லும். சாரதி போர்ட்டலில் விண்ணப்பித்து, உங்கள் லைசன்ஸ் இருக்கும் ஆர்டிஓவில் வாங்குங்கள். அட்டை வேலைக்கு ஆகாது, புத்தகமாக இருக்க வேண்டும். நம்மவர்கள் மாட்டுவது பெயரில்தான். லைசன்ஸில் "எஸ். முருகன்", பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும். அனுமதிப் புத்தகத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் வரும்படி பாருங்கள். கார் எடுக்கும் கவுண்டரில் பாஸ்போர்ட், லைசன்ஸ், புத்தகம் மூன்றையும் வைத்து ஒப்பிடுவார்கள்.

காரோடு ஈடிசி கார்டும் வாடகைக்குக் கேளுங்கள், டோலில் நிற்க வேண்டாம். நேவிகேட்டரில் ஆங்கிலப் பெயர் அடித்தால் சில சமயம் வேறு ஊர் வரும். இடத்தின் போன் நம்பரையோ மேப்கோடையோ (இடத்தைக் குறிக்கும் எண்) போடுங்கள். ஏப்ரல் 29இலிருந்து கோல்டன் வீக் என்னும் ஜப்பானியத் தொடர் விடுமுறை, கார் கிடைப்பதே பாடு.

அல்சூர் ஏரிக்கரை:
நன்றி. அகெனோபேயின் ஒரு யென் ரயிலில் ஏற முடியுமா? மிகோபாதாவில் இறங்கிப் பார்க்க ஏதாவது இருக்கா?

ராபர்ட்சன்பேட்டை:
அகெனோபே தாதுவை மலைக்குள் சுமார் 6 கி.மீ. கொண்டுவந்து மிகோபாதாவில் கொட்டிய ரயில் அது. ஆட்களும் ஏறினார்கள், 1952இலிருந்து கட்டணம் ஒரு யென். இப்போது சிறு தண்டவாளத்தில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை முதல் ஞாயிறுகளில் ஓட்டுகிறார்கள். கடைசி வாரம் போனால் கிடைக்காது. அகெனோபே சுரங்கத்துக்குள் போக முன்பதிவும் வழிகாட்டியும் கட்டாயம்.

மிகோபாதாவில் தாது பிரித்த ஆலையின் கட்டடம் இப்போது இல்லை, மலைச்சரிவில் படிபடியாக இறங்கும் கான்கிரீட் அஸ்திவாரம்தான் மிச்சம். சரிவில் கட்டிய காரணம் எளிது: மேலே அரைத்த தாதுக் கூழ் பம்ப் இல்லாமல் தானாகவே அடுத்த தட்டுக்கு இறங்கும். தாமிரமும் துத்தநாகமும் நுரையில் மிதந்து பிரியும், கனமான வெள்ளீயத் தாது ஆடும் மேசையில் அடியில் தங்கும். கீழே வட்டத் தொட்டி ஒன்று இருக்கும், விட்டம் 30 மீட்டர். கூழைத் தெளியவைத்து நீரைப் பிரித்தது அதில்தான். எல்லாவற்றையும் கீழே நின்றே பார்க்கலாம், அப்பாவுக்கு ஏற்றம் இல்லை. பக்கத்தில் 1885ஆம் ஆண்டு வார்ப்பிரும்புப் பாலத்தையும் விடாதீர்கள்.

மிகோபாதாவிலிருந்து அகெனோபேவுக்கு 429ஆம் எண் சாலை. மலைப்பகுதியில் குறுகல், எதிரே வண்டி வந்தால் பின்னால் எடுக்க வேண்டிவரும். கையில் நேரம் குறைவென்றால் அகெனோபேவை விட்டுவிட்டு இகுனோ ஊருக்குள் நடங்கள். வீட்டு மதில்களிலும் கால்வாய் ஓரத்திலும் கரிய, கனத்த சதுரக் கற்கள் தெரியும். உருக்காலைக் கசடை அச்சில் ஊற்றி வார்த்தவை. தங்கவயலில் சயனைடு கலந்த கழிவு மண் மேடாகக் குவிந்தது, இங்கே கசடு சுவராக நிற்கிறது.