வெயில் நேரப் பயிற்சி: வேலூர் பக்கம் இருப்பவர்கள் உதவுங்கள்

வேலூரில் ஒரு கல்லூரியில் தடகள அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வகுப்பு முடிந்து பிள்ளைகள் மைதானத்துக்கு வர மூன்றரை மணி ஆகிவிடுகிறது, ஏப்ரல் வெயிலில் அந்த நேரம் செம்மண் தரை ஷூவைத் தாண்டிச் சுடும். நேற்று 400 மீட்டர் ஓடும் பையன் ஒருவன் தள்ளாடி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னான். உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், தேறிவிட்டான்.

2018-இல் அமெரிக்காவில் மேரிலாந்து பல்கலைக்கழக வீரர் ஜோர்டன் மெக்நேர், 19 வயது, ஓட்டப் பயிற்சியில் உடம்புச் சூடு அளவுமீறி ஏறி (ஹீட் ஸ்ட்ரோக்) சுருண்டு விழுந்து இரண்டு வாரத்தில் இறந்தார். உடனே ஐஸ் தண்ணீரில் இறக்கவில்லை என்பது விசாரணையில் வந்த பெரிய குறை.

கழுத்துவரை அமிழ்ந்து உட்காரும் அளவுக்குத் தொட்டி யாரிடமாவது சும்மா கிடக்கிறதா? மாட்டுத் தண்ணீர்த் தொட்டியானாலும் சரி. மாலையில் ஐஸ் பார் கொடுக்கும் கடை எது? அப்புறம், வெப்பம், ஈரப்பதம், காற்று எல்லாம் சேர்த்துக் காட்டும் டபிள்யூ.பி.ஜி.டி மீட்டர் இரவல் கிடைத்தால் பேருதவி. பயிற்சியைக் காலை 6 மணிக்கு மாற்ற நிர்வாகத்தைச் சம்மதிக்கவைத்தவர்கள் எப்படிப் பேசினீர்கள்? விடுதிப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், பஸ்ஸில் வருகிறவர்களுக்கு என்ன ஏற்பாடு செய்தீர்கள்?